ஒரு கிலோ இருநூறு கிராமுக்கு எவ்வளவு மருந்து?

பிறந்து நான்கு நாளான குழந்தை திடீரென்று பால் குடிப்பதை நிறுத்துகிறது. தொட்டால் துவண்டு கிடக்கிறது. கை கால் சில்லிட்டுப்போகிறது. நெஞ்சுக்கூடு உள்வாங்க, வேகவேகமாக மூச்சு விடுகிறது. காய்ச்சல் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. பச்சிளங்குழந்தைக்குத் தொற்று கண்டால் உடம்பு குளிர்ந்துபோவதும் உண்டு. ரத்தத்தில் கிருமி பரவி உறுப்புகள் தளரும் இந்த நிலைக்கு செப்சிஸ் என்று பெயர். சில மணி நேரத்தில் உயிரைக் கொண்டுபோய்விடும். அதனால் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் ஆன்டிபயாடிக் ஊசியைத் தொடங்கிவிடுகிறார்கள். அப்போது மருத்துவர் முன்னால் இரண்டு கேள்விகள் நிற்கின்றன. எந்த மருந்து? எவ்வளவு, எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை?

முதல் கேள்வியைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் பற்றி நாளிதழ்கள்கூட எழுதுகின்றன. இரண்டாவது கேள்வி வார்டுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. ஏதோ ஒரு கையேட்டில் பதில் இருக்கும், பார்த்து எழுதினால் போதும் என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. கையேடுகள் இருப்பது உண்மைதான். ஆனால் அவை ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. பல மருந்துகளுக்கு அவற்றில் இருக்கும் எண்கள், பச்சிளங்குழந்தைகளிடம் நேரடியாக அளந்து பெற்றவையும் அல்ல. ஐக்கிய நாடுகள் அமைப்பின் மதிப்பீட்டின்படி 2022இல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 23 லட்சம் குழந்தைகள் பிறந்து 28 நாள் முடிவதற்குள் இறந்தன. குறைப்பிரசவம், பிறக்கும்போது ஏற்படும் மூச்சுத்திணறல் ஆகியவற்றோடு கிருமித்தொற்றும் இந்த இறப்புகளுக்கு முக்கியக் காரணம். அந்த நிலையில் அளவு பற்றிய கேள்வி, மருந்து பற்றிய கேள்விக்குச் சமமான இடத்தைப் பெற வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

சாம்பல் நிறக் குழந்தைகள்

மருத்துவ உலகம் இந்தப் பாடத்தைப் பெரும் விலை கொடுத்துத்தான் கற்றது. 1950களில் குளோராம்பெனிகால் புகழ்பெற்ற மருந்து. டைபாய்டுக்கு அதைத்தான் கொடுப்பார்கள். நம் ஊரிலும் அந்தத் தலைமுறைக்குப் பழக்கமான பெயர் அது. பனிக்குடம் உடைந்து 24 மணி நேரத்துக்கு மேலான பிறகு பிறக்கும் குறைமாதக் குழந்தைக்குத் தொற்று வர வாய்ப்பு அதிகம் என்பதால், நோய் வருவதற்கு முன்பே ஆன்டிபயாடிக் கொடுப்பது அன்றைய அமெரிக்க மருத்துவமனைகளில் வழக்கமாக இருந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் கவுன்டி மருத்துவமனையில் இத்தகைய குழந்தைகளை நான்கு பிரிவாக்கிப் பார்த்தார்கள். எந்த மருந்தும் கொடுக்காத பிரிவில் 19 சதவீதக் குழந்தைகள் இறந்தன. பெனிசிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் பெற்ற பிரிவில் 18 சதவீதம். குளோராம்பெனிகால் மட்டும் பெற்ற பிரிவில் 60 சதவீதம். மூன்றையும் சேர்த்துப் பெற்ற பிரிவில் 68 சதவீதம். பர்ன்ஸ், ஹாட்ஜ்மன், காஸ் மூவரும் 1959இல் இதை வெளியிட்டார்கள்.

கொடுத்த அளவு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 100 முதல் 165 மில்லிகிராம். மூன்றாம் நான்காம் நாளில் குழந்தைக்கு வயிறு உப்பும், வாந்தி வரும், உடம்பு சாம்பல் நிறமாகும், ரத்த ஓட்டம் நின்றுபோகும். காரணம் கல்லீரலில் இருந்தது. குளோராம்பெனிகாலைக் குளுக்குரோனிக் அமிலத்தோடு பிணைத்துச் சிறுநீரில் வெளியேற்றும் நொதி, பிறந்த குழந்தையிடம் இன்னும் முழுவீச்சில் வேலை தொடங்கியிருக்காது. போன டோஸ் வெளியேறுவதற்குள் அடுத்த டோஸ் வந்து சேர, மருந்து ரத்தத்தில் ஏறிக்கொண்டே போனது. பின்னாளில் குறைமாதக் குழந்தைக்கு நாளொன்றுக்கு கிலோவுக்கு 25 மில்லிகிராம் என்று வரம்பு கட்டினார்கள். மருந்து அதேதான், குழந்தைகளும் அதே மாதிரிக் குழந்தைகள்தான். மாறியது அளவு மட்டும்.

இதற்குச் சில ஆண்டுகள் முன்பு நியூயார்க்கின் பேபீஸ் மருத்துவமனையில் வில்லியம் சில்வர்மனும் சகாக்களும் செய்த ஆய்வை இன்னும் முக்கியமானதாகக் கருதுகிறேன். பெனிசிலினோடு சல்ஃபிசாக்ஸசோல் என்ற சல்ஃபா மருந்தைக் கொடுப்பது அங்கே நடைமுறையாக இருந்தது. அதை ஆக்ஸிடெட்ராசைக்ளினோடு ஒப்பிட்டபோது, சல்ஃபா பெற்ற குழந்தைகளே அதிகம் இறந்தன என்பது தெரிந்தது, 1956இல் வெளியானது. பிரேதப் பரிசோதனையில் மூளையில் மஞ்சள் படிந்திருந்தது. மஞ்சள் காமாலைக்குக் காரணமான பிலிருபின் ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு சுற்றும். சல்ஃபா மருந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு பிலிருபினை வெளியே தள்ள, அது மூளைக்குள் நுழைந்தது. ரத்தத்தில் அளந்த பிலிருபின் அளவு பெரிதாக ஏறாததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வேறொரு மருந்தோடு முறையாக ஒப்பிட்டுப் பார்த்திராவிட்டால், அந்த நடைமுறை நல்லெண்ணத்தோடே இன்னும் பல ஆண்டுகள் தொடர்ந்திருக்கும்.

இன்றைக்கு நம் மருத்துவமனைகளில் சரளமாகப் புழங்கும் செஃப்ட்ரியாக்ஸோனுக்கும் இதே குணம் உண்டு. காமாலை கண்ட பச்சிளங்குழந்தைக்கு அது ஆகாது. கால்சியம் கலந்த டிரிப்ஸ் போகும் குழந்தைக்கு அதைக் கொடுத்தால் நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் படிகம் படியலாம் என்று 2007இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. பெரியவர்களுக்கு நாளுக்கு ஒரு ஊசி என்ற வசதிக்காக விரும்பப்படும் மருந்தை, முதல் 28 நாளில் ஒதுக்கி வைத்து செஃபோடாக்சிம் பக்கம் போவது இதனால்தான்.

நீரும் சிறுநீரகமும்

பச்சிளங்குழந்தையின் உடம்பைச் சுருக்கப்பட்ட பெரிய உடம்பாக நினைத்தால் கணக்கு தவறும். மிகச் சீக்கிரம் பிறந்த குழந்தையின் எடையில் சுமார் 85 சதவீதம் நீர். நிறைமாதக் குழந்தையிடம் 75 சதவீதம், வளர்ந்தவரிடம் 60 சதவீதம். ஜென்டாமைசின், அமிக்காசின் போன்ற மருந்துகள் நீரில் கரைந்து செல்களுக்கு வெளியே உள்ள நீர்ப்பரப்பில் பரவுபவை. ஒரே அளவு உப்பை சொம்பு நீரில் போட்டால் கரிக்கும், குடத்து நீரில் போட்டால் ருசியே தெரியாது. அதனால் கிருமியைக் கொல்லும் செறிவை எட்ட, கிலோவுக்குக் கிலோ பார்த்தால் பச்சிளங்குழந்தைக்குக் கூடுதல் மருந்து தேவைப்படுகிறது.

வெளியேற்றும் பக்கம் இதற்கு நேர்மாறு. சிறுநீரகத்தின் வடிகட்டிகள் கருவில் உருவாகி முடிய ஏறக்குறைய 36 வாரம் ஆகும். 28 வாரத்தில் பிறந்த குழந்தை, பாதி வேலை மீதமிருக்கும் சிறுநீரகத்தோடு வெளியே வருகிறது. நிறைமாதக் குழந்தையிடமும் முதல் நாள் வடிகட்டும் வேகம் மந்தம். முதல் இரண்டு வாரத்தில் அது இரு மடங்காகும். ஜென்டாமைசினில் பாதி வெளியேற வளர்ந்தவருக்கு இரண்டு மூன்று மணி நேரம் போதும். குறைமாதக் குழந்தையிடம் முதல் வாரத்தில் எட்டு மணி நேரத்தைத் தாண்டுவதும் உண்டு. பெரியவர்களுக்குச் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க கிரியாட்டினின் அளப்போம். பிறந்த முதல் சில நாளில் அந்த எண் தாயின் ரத்தத்திலிருந்து வந்ததையே பெரிதும் காட்டுவதால், அதை நம்பி அளவைத் தீர்மானிக்கவும் முடியாது.

ஆகவே டோஸ் பெரிதாக இருக்க வேண்டும், இடைவெளி நீளமாக இருக்க வேண்டும். அதோடு இரண்டும் நாளுக்கு நாள் மாற வேண்டும். பிறந்த எடை, கருவில் இருந்த வாரம், பிறந்து எத்தனை நாள் என்ற மூன்றும் தெரியாமல் எழுதும் மருந்துச்சீட்டு குத்துமதிப்புதான். முதல் சில நாளில் குழந்தையின் எடை குறையும் என்பதால், பிறந்த எடையை மீண்டும் எட்டும்வரை அதையே கணக்கில் வைப்பது வழக்கம். அதன் பிறகு எடை ஏற ஏற டோஸையும் ஏற்ற வேண்டும். எட்டாம் நாளில் ஆம்பிசிலினை 12 மணிக்கு ஒரு முறை என்பதிலிருந்து 8 மணிக்கு ஒரு முறை என்று மாற்றச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் கையேடு. கேஸ் ஷீட்டில் முதல் நாள் எழுதியதையே பத்தாம் நாளும் பார்த்து எழுதினால், குழந்தைக்கு மருந்து போய்க்கொண்டே இருக்கும், போதுமான அளவில் போகாது. பிறக்கும்போது மூச்சுத்திணறியதால் உடம்பைக் குளிரவைக்கும் சிகிச்சையில் இருக்கும் குழந்தையிடம் கதை இன்னொரு பக்கம் திரும்புகிறது. மூச்சுத்திணறலும் குளிர்ச்சியும் சேர்ந்து ஜென்டாமைசின் வெளியேற்றத்தைக் கணிசமாகக் குறைப்பதால் இடைவெளியை நீட்ட வேண்டும்.

ஒரே குழந்தை, மூன்று பதில்கள்

இப்போது ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். 30 வாரத்தில் பிறந்தது, எடை 1.2 கிலோ, வயது இரண்டு நாள். ஜென்டாமைசின் எவ்வளவு?

உலக சுகாதார நிறுவனத்தின் கையேடு, எடை குறைந்த குழந்தைக்கு முதல் வாரத்தில் கிலோவுக்கு 3 மில்லிகிராம், நாளுக்கு ஒரு முறை என்கிறது. அதாவது 24 மணிக்கு ஒரு முறை 3.6 மில்லிகிராம். பிரிட்டனின் நைஸ் அமைப்பு கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்று தொடங்கி 36 மணி இடைவெளி விடச் சொல்கிறது. 36 மணிக்கு ஒரு முறை 6 மில்லிகிராம். பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பலரும் கையில் வைத்திருக்கும் நியோஃபாக்ஸ் கையேடு இந்த வாரக்கணக்குக்கு 4.5 மில்லிகிராம், 36 மணி என்கிறது, 5.4 மில்லிகிராம் வரும். மூன்றுமே படித்தறிந்தவர்கள் பொறுப்போடு எழுதியவை. வேறுபாட்டுக்குக் காரணம், ஒவ்வொன்றும் வேறு வேறு சூழலை மனதில் வைத்திருப்பது. உலக சுகாதார நிறுவனம் ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்க வசதியே இல்லாத இடத்துக்கும் சேர்த்து எழுதுகிறது. ஆகவே சிறிய டோஸ், நினைவில் நிற்கும்படி தினம் ஒரு ஊசி. நைஸோ இரண்டாவது டோஸுக்கு முன் ரத்தம் எடுத்து, மீதமிருக்கும் மருந்து லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே வந்துவிட்டதா என்று பார்க்க முடிகிற இடத்துக்கு எழுதுகிறது.

இவற்றில் மருந்தின் இயல்போடு ஒத்துப்போவது எது? ஜென்டாமைசின் உச்சத்தில் எவ்வளவு ஏறுகிறது என்பதைப் பொறுத்துக் கிருமியைக் கொல்லும் மருந்து. கிருமியைத் தடுக்கத் தேவையான குறைந்தபட்சச் செறிவைப்போல் எட்டு முதல் பத்து மடங்கு ஏறினால் வேலை நன்றாக நடக்கும். இறங்கிய பிறகும் சில மணி நேரம் கிருமி தலைதூக்காது. காதுக்கும் சிறுநீரகத்துக்கும் கெடுதல் வருவது, அடிமட்ட அளவு நீண்ட நேரம் இறங்காமல் இருக்கும்போது. ஆகவே பெரிய டோஸும் நீண்ட இடைவெளியும் இரண்டு பக்கமும் பலன் தரும். நாளுக்கு ஒரு முறை கொடுப்பதையும் பல முறை கொடுப்பதையும் ஒப்பிட்ட 11 ஆய்வுகளை, மொத்தம் 574 பச்சிளங்குழந்தைகள், காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தது. நாளுக்கு ஒரு முறை கொடுத்தபோது உச்சமும் அடிமட்டமும் விரும்பிய எல்லைக்குள் வந்தன. உயிர் பிழைப்பதில் வேறுபாடு உண்டா என்று சொல்ல அந்தக் குழந்தைகளின் எண்ணிக்கை போதாது. இந்தத் துறையில் திரும்பத் திரும்ப வரும் குறை இது: ரத்தத்தில் மருந்தின் அளவு தெரிகிறது, குழந்தைக்கு என்ன ஆயிற்று என்பது சரியாகத் தெரிவதில்லை.

அளவு காகிதத்தில் முடிவானாலும் அது குழந்தைக்குள் போய்ச் சேர்வது தனிக் கதை. நம் மருத்துவமனைகளில் அதிகம் கிடைக்கும் ஜென்டாமைசின் ஆம்பூல் 2 மில்லிலிட்டர், அதில் 80 மில்லிகிராம். நம் குழந்தைக்கு வேண்டிய 6 மில்லிகிராம் அதில் 0.15 மில்லிலிட்டர். ஒரு மில்லி சிரிஞ்சில் பதினைந்து சிறு கோடு. புள்ளி ஒரு இடம் தள்ளிப்போய் 1.5 மில்லிலிட்டர் எடுத்துவிட்டால் 60 மில்லிகிராம், பத்து மடங்கு. அப்போதும் ஆம்பூல் காலியாகாது; இன்னொரு ஆம்பூலை உடைக்க வேண்டியிருந்தால் செவிலியருக்கு எழுந்திருக்கக்கூடிய சந்தேகம் எழ வழியே இல்லை. சரியாக 0.15 எடுத்து, அதே சிரிஞ்சில் டிஸ்டில்டு வாட்டரை இழுத்துக் கலக்கினால், சிரிஞ்சின் மூக்கில் தங்கியிருந்த மருந்தும் சேர்ந்து போகும். அது 0.05 மில்லி இருந்தால்கூட டோஸ் மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. டிரிப்ஸ் மணிக்கு 2 மில்லிலிட்டர் வீதம் ஓடும் குழந்தைக்கு, ட்யூபின் மேல்முனையில் மருந்தை ஏற்றினால் அது நரம்பில் குத்திய வென்ஃப்ளான் ஊசியைத் தாண்டி உள்ளே போக அரை மணிக்கு மேலாகலாம். இடையில் டிரிப்ஸை மாற்றினால் பாதி மருந்து குப்பைக்கூடைக்குப் போகும்.

ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் உள்ள குழந்தைகளுக்கான ஆம்பூல் கையில் இருந்தால் அதே 6 மில்லிகிராம் 0.6 மில்லிலிட்டராக, கண்ணுக்குத் தெரியும் அளவாகிவிடுகிறது. இரவுப் பணியில் ஒரே செவிலியர் பல குழந்தைகளைப் பார்க்கும் பிரிவில் இந்த வேறுபாடு சாதாரணமானதல்ல. பெரிய ஆய்வுகளைப் படிக்கும்போது எனக்கு அடிக்கடி தோன்றுவது, கிலோவுக்கு 4.5-ஆ 5-ஆ என்ற விவாதத்தைவிட இந்த 0.05 மில்லி பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது என்பதுதான்.

குறைவாகக் கொடுப்பதன் ஆபத்து

குளோராம்பெனிகால் தந்த அதிர்ச்சி பல தலைமுறை மருத்துவர்களின் கையைக் கட்டியது. குழந்தைக்கு மருந்து என்றாலே பயந்து பயந்து கொடுப்பது பாதுகாப்பு என்று ஆனது. காமாலை, சிறுநீரகம், காது என்று பயப்படக் காரணமும் இருந்தது. ஆனால் இன்றைய வார்டில் எதிரி மாறிவிட்டது.

டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை நடந்த டெனிஸ் ஆய்வு 88,636 பிறப்புகளைப் பதிவு செய்தது. தீவிர சிகிச்சையில் சேர்ந்த 13,530 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தது. அவர்களில் 14.3 சதவீதத்தினருக்கு செப்சிஸ். அதில் மூன்றில் இரண்டு பங்கு, பிறந்து 72 மணி நேரத்துக்குள் வந்தது. ரத்தத்தில் வளர்ந்த கிருமிகளில் முதலிடம் அசினிடோபாக்டர், அடுத்து கிளெப்சியெல்லா, அதற்கடுத்து ஈ-கோலை. அசினிடோபாக்டரில் 82 சதவீதமும் கிளெப்சியெல்லாவில் 54 சதவீதமும் பல மருந்துகளுக்கு அடங்காதவை. பணக்கார நாடுகளின் பாடநூல்களில் முதலில் வரும் பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இங்கே பின்வரிசையில்தான். அதற்கென்று வகுத்த டோஸை இங்கே அப்படியே பின்பற்றினால் பயன் எவ்வளவு இருக்கும் என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

கிருமி ஓரளவு எதிர்ப்புக் காட்டும்போது டோஸின் முக்கியத்துவம் கூடுகிறது. ஆம்பிசிலின், செஃபோடாக்சிம், மெரோபெனம் போன்றவை ஜென்டாமைசின் வகையைச் சேர்ந்தவை அல்ல. உச்சம் எவ்வளவு என்பது அவற்றுக்கு முக்கியமில்லை; கிருமியைத் தடுக்கும் செறிவுக்கு மேலே எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதே முக்கியம். கிருமியின் எதிர்ப்பு இரு மடங்கானால், அதே டோஸ் வரம்புக்கு மேலே நிற்கும் நேரம் சுருங்கும். அப்போது டோஸை ஏற்றலாம், இடைவெளியைக் குறைக்கலாம், அல்லது மருந்தைச் சில மணி நேரம் மெதுவாக ஏற்றலாம். மூளைக்காய்ச்சல் சந்தேகம் இருந்தால் மெரோபெனத்தைக் கிலோவுக்கு 20லிருந்து 40 மில்லிகிராமுக்கு உயர்த்துவது இந்தத் தர்க்கத்தில்தான். மூளைத் தண்டுவட நீருக்குள் மருந்து குறைவாகவே நுழையும். எதிர்ப்பு முற்றிப்போய்விட்டால் எந்த டோஸும் பலிக்காது என்பதையும் சொல்ல வேண்டும். இடைப்பட்ட கிருமிகளிடம்தான் அளவு உயிரைக் காக்கிறது. அவற்றிடம் அரைகுறை டோஸ் கொடுப்பது, பிழைத்தவற்றைத் தேர்ந்தெடுத்து வளர்ப்பதாகவும் முடியும்.

இந்தியா, வங்கதேசம், கென்யா, தென்னாப்பிரிக்கா, வியட்நாம் உள்ளிட்ட 11 நாடுகளில் 19 மருத்துவமனைகளில் 2018 முதல் 2020 வரை நடந்த நியோஅப்ஸ் ஆய்வு, செப்சிஸ் கண்ட 3,204 குழந்தைகளைக் கவனித்தது. சுமார் 11 சதவீதம் பேர் இறந்தார்கள். மருத்துவர்கள் கொடுத்த மருந்துக் கூட்டணிகளை எண்ணியபோது இருநூறைத் தாண்டியது. உலக சுகாதார நிறுவனம் முதலில் கொடுக்கச் சொல்லும் ஆம்பிசிலினும் ஜென்டாமைசினும் பெற்றவர்கள் 13 சதவீதம் மட்டுமே. மருத்துவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. வழிகாட்டியில் இருப்பது தங்கள் வார்டின் கிருமியிடம் எடுபடாது என்று கண்டவர்கள், கையில் கிடைத்ததைக் கிடைத்த அளவில் கொடுத்துப் பார்க்கிறார்கள். இருநூறு கூட்டணிகளும் இருநூறு சிறு சோதனைகள். ஆனால் யாரும் முடிவைக் குறித்து வைக்காத சோதனைகள்.

பழைய மருந்து, புதிய அளவு

பச்சிளங்குழந்தைக்குப் புதிய மருந்து வந்து சேர நெடுங்காலமாகும். அமெரிக்கா 2002இல் கொண்டுவந்த சட்டமும், ஐரோப்பாவில் 2007இல் நடைமுறைக்கு வந்த ஒழுங்குமுறையும் நிறுவனங்களைக் குழந்தைகளிடமும் ஆய்வு செய்யத் தூண்டின. ஆனால் பச்சிளங்குழந்தை எப்போதும் வரிசையின் கடைசியில்தான். அதற்குச் சந்தை சிறியது, ரத்தம் எடுப்பதோ கடினம். 1.2 கிலோ குழந்தையின் உடம்பில் ஓடும் ரத்தமே சுமார் 100 மில்லிலிட்டர். வளர்ந்தவரிடம் எடுப்பதுபோல் ஒரே நாளில் பத்து முறை ரத்தம் எடுக்க முடியாது. இப்போது ஒரு குழந்தையிடம் இரண்டு மூன்று துளி மட்டும் வெவ்வேறு நேரத்தில் எடுத்து, நூறு குழந்தைகளின் துளிகளைச் சேர்த்துக் கணித மாதிரி கட்டுகிறார்கள். வேறு சோதனைக்காக எடுத்ததில் மீந்த ரத்தத்தைக்கூடப் பயன்படுத்துகிறார்கள். இந்த முறை வந்த பிறகுதான் பல பழைய மருந்துகளுக்கு முதன்முறையாக நம்பத்தக்க அளவு கிடைத்தது.

ஃபாஸ்ஃபோமைசின் நல்ல எடுத்துக்காட்டு. 1969இல் ஸ்பெயினில் கண்டறியப்பட்ட இந்தப் பழைய மருந்துக்குப் பல எதிர்ப்புக் கிருமிகள் இன்னும் அடங்குகின்றன. ஆனால் அதில் சோடியம் அதிகம்; ஒரு கிராமில் ஏறக்குறைய 14 மில்லிமோல். கிலோவுக்கு 100 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இரு முறை கொடுத்தால், குழந்தையின் ஒரு நாள் சோடியத் தேவைக்கு நிகரான உப்பு மருந்தோடே உள்ளே போகிறது. சிறுநீரகம் தாங்குமா? கென்யாவின் கிலிஃபியில் 120 குழந்தைகளிடம் இதே அளவைச் சோதித்தார்கள். ஃபாஸ்ஃபோமைசின் பெற்றவர்களிடமும் பெறாதவர்களிடமும் ரத்த சோடியத்தில் கவலைப்படும்படியான வேறுபாடு இல்லை. பல ஆண்டுகளாக மருத்துவர்களைத் தயங்க வைத்த ஒரு பயத்துக்கு நூற்றிருபது குழந்தைகளும் அவர்களின் பெற்றோரும் விடை தந்தார்கள்.

அதன் தொடர்ச்சியாக 2024இல் கென்யாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் நியோசெப்-1 ஆய்வு தொடங்கியது. ஃபாஸ்ஃபோமைசின், ஜப்பானில் உருவான ஃப்ளோமாக்செஃப், அமிக்காசின் ஆகிய மூன்றையும் இரண்டிரண்டாகச் சேர்த்து, இன்று புழக்கத்தில் இருக்கும் கூட்டணிகளோடு ஒப்பிடுவது திட்டம். மொத்தம் சுமார் 3,000 குழந்தைகள். இதில் நான் மதிப்பது வரிசைக்கிரமத்தை. ஃபாஸ்ஃபோமைசினுக்கும் ஃப்ளோமாக்செஃபுக்கும் சரியான டோஸ் எது என்பதைச் சிறு குழுவிடம் உறுதி செய்த பிறகே, எது உயிர் காக்கிறது என்ற பெரிய கேள்விக்குப் போகிறார்கள். தவறான அளவில் கொடுத்துவிட்டு மருந்து பலிக்கவில்லை என்று தள்ளிவைப்பது பழைய மருந்துகள் பலவற்றுக்கு நடந்த அநியாயம்.

வார்டுக்கு வெளியே

மருத்துவமனைக்கே வர முடியாத குழந்தைக்கு அளவு வேறு விதமாகத் தீர்மானிக்கப்பட வேண்டும். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங்கும் ராணி பங்கும் நடத்தும் சர்ச் அமைப்பு, 39 கிராமங்களில் ஊர்ப் பெண்களைச் சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தது. வீட்டிலேயே செப்சிஸின் அறிகுறி கண்டு, ஜென்டாமைசின் ஊசியும் வாய்வழி மருந்தும் கொடுக்க அவர்களுக்குக் கற்றுத்தந்தது. பச்சிளங்குழந்தை இறப்பு, ஒப்பீட்டுக் கிராமங்களோடு பார்க்க 62 சதவீதம் குறைந்ததாக 1999இல் லான்செட் இதழில் வெளியானது. எழுத்தறிவு குறைந்த பெண்களிடம் ஊசியை ஒப்படைப்பதா என்ற எதிர்ப்பு அன்று பலமாக இருந்தது. எடையைப் பார்த்ததும் டோஸ் தெரியும்படி கணக்கை எளிமையாக்கினால் அது நடக்கும் என்று அவர்கள் செய்து காட்டினார்கள்.

கல்வி கற்ற மருத்துவர் 36 மணி, 48 மணி என்று கணக்கிடுவது ஒரு திறமை. மூன்று நான்கு எடைப்பிரிவுக்குள் எல்லாக் குழந்தைகளையும் அடக்கி, எந்தப் பிரிவிலும் யாருக்கும் ஆபத்தான அளவு போகாதபடி எண்ணைத் தேர்வது அதைவிடக் கடினமான திறமை என்பேன். 2015இல் வெளியான ஆப்பிரிக்க, வங்கதேச ஆய்வுகள் இந்த வழியை உறுதி செய்தன. பெரிய மருத்துவமனைக்குப் போக முடியாத குடும்பத்துக்கு, தினம் ஒரு ஜென்டாமைசின் ஊசியும் வாய்வழி அமாக்சிசிலினும் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அதே ஆண்டு வழிகாட்டியது. இந்தியா அதற்கு முந்தைய ஆண்டே கிராமச் சுகாதார செவிலியருக்கு ஜென்டாமைசின் கொடுக்கும் அனுமதியை வகுத்திருந்தது.

எப்போது நிறுத்துவது

எத்தனை நாள் என்பதும் அளவின் ஒரு பகுதிதான். வேலூர், ஒடிசா, வங்கதேசத்தின் சில்ஹட், பாகிஸ்தானின் கராச்சி, மட்டியாரி ஆகிய இடங்களில் ஊர்களிலேயே பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனித்த அனீசா ஆய்வு, கடுமையான தொற்று என்று சந்தேகப்பட்ட நிகழ்வுகளில் 28 சதவீதத்துக்கு மட்டுமே காரணமான கிருமியைச் சுட்ட முடிந்தது என்று 2018இல் சொன்னது. அதிலும் கணிசமான பங்கு வைரஸ்; ஆன்டிபயாடிக்குக்கு அங்கே வேலையே இல்லை. டெல்லியின் தீவிர சிகிச்சைப் பிரிவும் வேலூர்க் கிராமமும் ஒன்றல்ல என்பதும் இதில் தெரிகிறது.

தொற்று இல்லாத குழந்தைக்கு நாள்கணக்கில் ஊசி போடுவதால் கெடுதல் உண்டு. மிக எடை குறைந்த குழந்தைகளுக்கு முதல் ஆன்டிபயாடிக்கை ஐந்து நாளோ அதற்கு மேலோ நீட்டியபோது குடல் அழுகல் நோயும் இறப்பும் கூடியிருந்ததை 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வு கண்டது. பிரிட்டனில் ரத்த வளர்ப்புச் சோதனையில் 36 மணி நேரம் எதுவும் வளராமல், குழந்தையும் நன்றாக இருந்தால் நிறுத்துவதைப் பரிசீலிக்கச் சொல்கிறார்கள். கலிஃபோர்னியாவில் கைசர் மருத்துவமனைகள் தாயின் காய்ச்சல், பனிக்குடம் உடைந்த நேரம் போன்றவற்றை வைத்து அபாயத்தைக் கணக்கிட்டு, முதல் நாள் ஆன்டிபயாடிக் பெறும் குழந்தைகளை 5 சதவீதத்திலிருந்து 2.6 சதவீதமாகக் குறைத்தன. அந்தக் கணக்கியை நம் ஊருக்கு அப்படியே கொண்டுவர முடியாது. நம் கிருமிகளும் பிரசவ அறைகளும் வேறு. ஆனால் ஊசியைத் தொடங்கும் அன்றே நிறுத்துவதற்கான நாளையும் கேஸ் ஷீட்டில் எழுதிவிடுவதற்குக் கணக்கி எதுவும் தேவையில்லை.

காது பற்றிய அக்கறையும் இங்கே சேர்கிறது. ஏறக்குறைய ஐந்நூறில் ஒருவருக்கு இருக்கும் ஒரு மரபணு மாற்றம், சரியான டோஸிலேயே ஜென்டாமைசினால் நிரந்தரச் செவிட்டுத்தன்மையை உண்டாக்கலாம். குழந்தையின் கன்னத்துக்குள் பஞ்சால் தடவி 26 நிமிடத்தில் இதைக் கண்டுபிடிக்கும் சோதனையை மான்செஸ்டரில் வார்டிலேயே செய்து பார்த்து 2022இல் வெளியிட்டார்கள். ஊசியைத் தாமதப்படுத்தாமல் இது முடிந்தது. அந்த வசதி நமக்கு வரும்வரை, தாய்வழி உறவில் யாருக்காவது ஊசி போட்ட பிறகு காது கேட்காமல் போயிற்றா என்று பாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்கலாம். அந்த மாற்றம் தாய்வழியாகத்தான் இறங்குகிறது.

இனி செய்ய வேண்டியவற்றில் சிலவற்றுக்குப் பெரும் ஆய்வு தேவை. நியோசெப்-1 போன்றவற்றில் நம் மருத்துவமனைகளும் சேர வேண்டும், அரசுப் பணத்திலேயே சேர வேண்டும். நிறுவனங்களுக்கு இதில் லாபம் இல்லை. சிலவற்றுக்குக் கொள்முதல் பட்டியலில் ஒரு வரி போதும். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளுக்கு எந்த ஆம்பூல் வருகிறது என்பதைத் தீர்மானிப்பது 1994இல் உருவான மருத்துவப் பணிகள் கழகம். பச்சிளங்குழந்தைப் பிரிவு இருக்கும் ஒவ்வொரு மருத்துவமனைக்கும் மில்லிக்கு 10 மில்லிகிராம் ஜென்டாமைசினும், 100 மில்லிகிராம் அமிக்காசின் குப்பியும், கோடுகள் தெளிவாகத் தெரியும் ஒரு மில்லி சிரிஞ்சும் தட்டுப்பாடின்றிப் போய்ச் சேர வேண்டும். கேஸ் ஷீட்டில் ஒவ்வொரு நாளும் எடை, கரு வாரம், பிறந்து எத்தனையாவது நாள் என்று நிரப்ப மூன்று கட்டங்கள் வேண்டும். டோஸை ஒருவர் கணக்கிட்டு, இன்னொருவர் தனியாகக் கணக்கிட்டு, இரண்டும் ஒத்துப்போன பிறகே ஊசி உள்ளே போக வேண்டும். இரவு இரண்டு மணிக்கும் இது நடக்க வேண்டும் என்றால், அந்த நேரத்தில் இரண்டாவது செவிலியர் ஒருவர் பணியில் இருந்தாக வேண்டும்.